பத்து மணிக்கு நிறுத்தச் சொன்னவர்

சாவுச் செய்தி வந்தபோது நான் உரமூடை இறக்க வந்தவர்களோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். நசீர் முதலாளி கடைக்குள் வந்தார். கலேவெல பஜாரில் மரக்கறி வியாபாரமும் ஊருக்கு வெளியே மிளகாய்த் தோட்டமும் வைத்திருப்பவர். வழக்கமாக வாசலிலிருந்தே குரல் கொடுப்பவர், அன்று கிட்டே வந்து மெதுவாகப் பேசினார்.

“மனேஜர், விஷயம் தெரியுமா? எங்கட கே.வி.எஸ். நானா மௌத்தாகிட்டாராம். நேத்து மஃரிபுக்குப் பொறகு. மொத பஸ்ஸுல செய்தி வந்தீக்கி.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அதில் பொய் ஏதும் இல்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மிளகாய்க்கு அடிக்கிற மருந்து ஒரு போத்தல் எடுங்க. ஆள் வந்து நிக்கிறாங்க” என்றார்.

கடையைப் பூட்டப் போகிறேன் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பஜாரில் வேறொரு கடையில் அதே மருந்தை வாங்கி ஆட்களிடம் கொடுத்துவிட்டு, லொறியோடு வந்து என்னையும் ஏற்றிக்கொண்டார். நானாவின் ஊரான மாத்தளை போய்ச் சேரும்வரை அவருடைய நல்ல குணங்களையே பேசிக்கொண்டு வந்தார். ஜனாஸாவை அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிப் போனபோது முன்னால் நின்று தோள் கொடுத்தார். நான் மையவாடி வாசலில் நின்றிருந்தேன். தலைக்கு மேலே சுள்ளென்று வெயில். அதே வெயிலில் கலேவெலயில் நசீர் முதலாளியின் ஆட்கள் மெசினை முதுகில் சுமந்துகொண்டு மருந்தடித்துக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதை நிறுத்தச் சொல்லித்தான் நானா ஆண்டுக்கணக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினார். கத்தினார் என்று எழுதுவதே தவறு. அவர் ஒருநாளும் கத்தியதில்லை. எனக்கு அவர்மேல் உள்ள கோபமே அதுதான்.

ஜமால்தீன் நானாவை நம்மில் பலர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை; கே.வி.எஸ். என்பார்கள், அல்லது அண்ணன் என்ற முறையில் வெறும் நானா என்பார்கள். விவசாயிகளின் வயலுக்குப் போய் விதை, உரம், மருந்து பற்றிச் சொல்லிக்கொடுக்கும் அரசாங்க வேலைக்குச் சிங்களத்தில் உள்ள பெயரின் முதல் எழுத்துகள்தான் கே.வி.எஸ். என்பது. மாத்தளைப் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர். வேலை மாற்றலாகிக் கலேவெல வந்தபோது, எங்கள் கூட்டுறவுச் சங்கக் கடையின் பின்னறையை அவருக்குத் தங்க ஒதுக்கிக் கொடுத்தார்கள். நான் கடை மனேஜர். என்னைவிட அவருக்கு இரண்டொரு வயது கூட இருக்கலாம். ஒரே கூரையின்கீழ், ஒரே தேநீர்க் கேத்தலில் ஊற்றிக் குடித்துக்கொண்டு, தினமும் ஒரு தடவையாவது சண்டை பிடித்துக்கொண்டு காலம் தள்ளினோம்.

வெளிநாட்டிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவது நின்றுபோன காலம் அது. நமது பக்கத்தில் குரக்கன் விதைத்த மேட்டுநிலச் சேனைகூட மிளகாய்த் தோட்டமாக மாறியது. மிளகாய் வந்ததும் பூச்சி வந்தது. பூச்சி வந்ததும் மருந்து வந்தது. அதை விற்றவன் நான். அதற்குப் பயப்படச் சொன்னவர் அவர். ஒரே கடையின் முன்வாசலும் பின்வாசலும் இப்படி இருந்தன.

வந்த புதிதில் அவருக்கு ஊரில் வைத்த பட்டம் ‘ஆணி நானா’. துணிப்பையில் எப்போதும் ஒரு சுத்தியலும் பெரிய ஆணியும் வைத்திருப்பார். தோட்டங்களில் மருந்துத் தகரம் காலியாகக் கிடப்பதைக் கண்டால் உட்கார்ந்து அதன் அடியில் ஓட்டை போட்டுவிடுவார். நல்ல தகரம் கிடைப்பது அருமையான காலம். மூடி இறுக்கமான தகரத்தை மண்ணெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும், சில வீடுகளில் குடிதண்ணீருக்கும்கூட எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஒருநாள் ஊருக்கே அக்காவான பரீதா ராத்தா, தன் வீட்டு வேலியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தகரத்தில் இவர் ஓட்டை போட்டுவிட்டார் என்று அதைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, நீங்க படிச்ச மனிசர்தானே? சாம்பல் போட்டு மூணு தரம் கழுவின டின்னு இது. என்னத்துக்கு இப்பிடிச் செஞ்சீங்க?”

“ராத்தா, நீங்க கழுவினது வெளிய. மருந்து தகரத்துக்குள்ள ஊறி ஈக்கி. கோவிச்சாப் பரவாயில்ல. ஓட்டை டின்னுலதான். ஒங்கட புள்ளைகள்ட கொடல்ல இல்ல.”

ராத்தா வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகும் நெடுநேரம் ஏசினார். நானா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் அறையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் சிரித்தேன். “இப்பிடி ஊருக்கெல்லாம் டின் குடுத்தா சம்பளம் டின்னுக்கே சரி” என்றேன். “பரவாயில்ல மனேஜர், டின்னு தீர்ந்தா ஆணி ஈக்கிதானே” என்றார்.

அந்தக் காலத்தில் அவர் நம்பிக்கையோடு இருந்தார். சொன்னால் செய்வார்கள், விளங்காததால்தான் செய்யவில்லை என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தின் முதுகெலும்பை உடைத்தது நொசில். மெசினில் மருந்து பீச்சும் குழாயின் நுனிதான் நொசில். தூசி அடைத்தால் மருந்து வராது. அடைப்பை எடுக்க எல்லோரும் செய்கிற வேலை, நுனியை வாயில் வைத்து ஊதுவது. நானா ஒரு தென்னை ஈர்க்கை நூலில் கட்டி ஒவ்வொரு மெசினிலும் தொங்கவிட்டார். “இதால குத்துங்க. வாய் வைக்காதீங்க” என்று சிங்களத்திலும் தமிழிலும் சொன்னார். ஒரு தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வைத்துச் செய்து காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரை அழைத்து, அவரையே ஈர்க்கால் குத்திக் காட்டச் சொன்னார். அவரும் அழகாகச் செய்து காட்டினார்.

நாங்கள் வரம்பில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் அதே ஆளின் மெசின் அடைத்தது. அவர் ஒரு நொடி ஈர்க்கைப் பார்த்தார். பிறகு நொசிலை வாயில் வைத்து ஊதிவிட்டு, பக்கத்தில் துப்பிவிட்டு நடந்தார். நானா கோப்பையைக் கீழே வைத்தார்.

“காதுக்குச் செல்லிட்டேன் மனேஜர். வாய்க்கு எப்பிடிச் செல்றது?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து போய் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்கப் போனேன். நானா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். கோபப்பட்டால் நமக்கு முன்னால் மட்டும் ஈர்க்கை எடுப்பார்கள், நாம் போனதும் ஊதுவார்கள் என்றார். கோபப்படாவிட்டால் நமக்கு முன்னாலேயே ஊதுகிறார்கள் என்றேன் நான். அவர் கீழே வைத்த கோப்பையை எடுத்து, மிச்சத் தேநீரை வரம்பில் ஊற்றினார். அந்த வாதத்தில் ஜெயித்ததில் எனக்குப் பெருமை இல்லை.

மருந்தடிக்கிற ஆட்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் விவசாயிகள் தாங்களேதான் அடித்தார்கள். தலைச்சுற்றும் வாந்தியும் கண்டதும் கூலிக்கு ஆள் தேடினார்கள். ஆட்கள் மாத்தளை மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தார்கள். கிழமையில் சில நாட்களுக்கே வேலை கொடுக்கிற தோட்டங்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் மாவும் இல்லை, அரிசியும் இல்லை. பஸ் ஏறிக் கீழே வந்தவர்கள் என்ன வேலை கொடுத்தாலும் செய்தார்கள். அப்படிப்பட்ட ஒரு லயத்தில் பிறந்தவன்தான் நானும். அவர்கள் என்னைப் பார்த்து “நம்ம ஐயா” என்று சிரிக்கும்போது எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாது.

அந்த ஆட்களுக்குக் கூலி நாள் கணக்கில் அல்ல, டாங்கிக் கணக்கில். மெசினில் ஒரு தடவை மருந்து நிரப்பி அடித்து முடித்தால் ஒரு டாங்கி. இந்த முறையை யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை. எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. விவசாயிக்கு வேலை சீக்கிரம் முடியும். ஆளுக்கு உடம்பு முடிந்தமட்டும் சம்பாதிக்கலாம். ஆகவே காற்று எதிரே அடித்தாலும் நிற்கமாட்டார்கள், வெயில் ஏறினாலும் நிற்கமாட்டார்கள், கை கழுவி வெற்றிலை போடவும் நிற்கமாட்டார்கள். வேர்த்துக் கொட்டுகிற வெற்று முதுகில் டாங்கி ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இதில் நம்மூருக்கே உரிய ஒரு கூத்தும் சேர்ந்திருந்தது. நமது விவசாயிகள் விதைப்பதற்கும் நடுவதற்கும் நேரம் பார்ப்பதுபோல, போகத்தின் முதல் மருந்து அடிப்பதற்கும் நல்ல நேரம் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு போகத்தில் அந்த நேரம் உச்சி வெயிலில் வந்து விழுந்தது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில், கொளுத்துகிற வெயிலில், நெற்றியில் திருநீறோடும் கையில் பிக்கு கட்டிய பிரித் நூலோடும் மருந்தடித்தார்கள். அன்றைக்கு வாந்தி எடுத்தவர்களை எண்ணி முடியாது.

நானா என்ன செய்தார் தெரியுமா? அடுத்த போகம் தொடங்குமுன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஊரில் நேரம் குறித்துக் கொடுக்கும் குருன்னான்சே வீட்டுக்கே போனார். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். பாயில் உட்கார்ந்து, பலகாரம் சாப்பிட்டு, குடும்ப நலம் விசாரித்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். இந்தத் தடவை சுபநேரம் விடியற்காலையில் வந்தால் ஊருக்கு நல்லது, பூச்சிக்கும் அதுதான் கெட்ட நேரம் என்று பக்குவமாகச் சொன்னார். கிழவர் கெட்டிக்காரர். இவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கிரகங்களை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்து, விடியற்காலையில் ஒரு நேரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் நானா பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு வந்தார்.

போகம் தொடங்கியது. இருள் பிரியுமுன் ஊரே தோட்டத்தில் நின்றது. குளிர்ந்த காற்று, பனி, மெசின் சத்தம். நானா சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்து மகிழ்ந்தார். பத்து மணிக்குப் பார்த்தோம், அடித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டுக்குப் பார்த்தோம், அடித்துக்கொண்டிருந்தார்கள். விடியலில் தொடங்கியதால் வழக்கத்தைவிட அதிக நேரம் அடித்தார்கள்.

“தொடங்கத்தான் நேரம் எடுத்துக் குடுத்தேன் மனேஜர்” என்றார் நானா, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. “நிப்பாட்ட நேரம் கேக்க மறந்துட்டேன்.”

மறுநாளே மறுபடியும் குருன்னான்சேயிடம் போனார். நிறுத்துவதற்கெல்லாம் நேரம் கிடையாது, அது சாஸ்திரத்தில் இல்லை என்று அவர் கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் நானாவுக்கு விளங்கியது, இது புத்தி சொல்லித் தீர்க்கிற காரியம் அல்ல என்று. மெசின்கள் சங்கத்துடையவை. வாடகைக்குக் கொடுப்பது சங்கம். ஆகவே சங்கமே ஒரு விதி போடட்டும் என்றார். காலை பத்து மணிக்குள் மெசின் கடைக்குத் திரும்பிவிட வேண்டும். அடிக்கிற ஆளுக்கு டாங்கிக் கணக்கு வேண்டாம், நாள் கூலி கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டார். ஒன்றில்லாமல் மற்றது நடக்காது என்பது அவருக்குத் தெரியும். கூட்டத்தில் எழுந்து, கைகட்டி, தாழ்மையாகக் கேட்டார். பாதி நாள் வேலைக்கு முழு நாள் கூலியா என்று விவசாயிகள் சிரித்தார்கள். நசீர் முதலாளியும் சிரித்தார். சங்கத் தலைவர் நல்ல மனிதர், யாரையும் நோகடிக்கமாட்டார். “மிக முக்கியமான விஷயம், அடுத்த கூட்டத்தில் எடுப்போம்” என்றார்.

விவசாயிகளைக்கூட விட்டுவிடுங்கள். மருந்தடிக்கிற ஆட்களே வந்து வேண்டாம் என்றார்கள். அவர்களுக்காகப் பேசியவன் முத்துவேல். நசீர் முதலாளி தோட்டத்தில் மருந்தடிப்பவன், எங்கள் பக்கத்து மலையைச் சேர்ந்தவன், சிரித்த முகம். கடை வாசலில் நின்று நானாவிடம் கேட்டான்:

“ஐயா, பத்து மணிக்கு மெசினத் திருப்பிக் குடுத்துட்டா, அதுக்கப்புறம் புள்ளைங்க வயித்துக்கு என்னாத்தக் குடுக்குறதுங்க? மருந்து என்னைக்கோ ஒரு நாளைக்குத்தான் கொல்லும். பசி தெனமும் கொல்லுதுங்களே.”

முழு நாள் கூலி வாங்கித் தருகிறேன் என்று சொல்ல நானாவிடம் அதிகாரம் இல்லை. பொய் சொல்லவும் தெரியாது. உள்ளே போய்த் தன்னுடைய நீளக்கைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல கனத்த துணி. “இதையாவது போட்டுக்கிட்டு அடிங்க முத்துவேல். வெறும் மேலோட அடிக்காதீங்க” என்றார். முத்துவேல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அந்தச் சட்டையை நாங்கள் தோட்டத்தில் காணவில்லை. கேட்டால் சிரிப்பான். “அவ்வளவு நல்ல சட்டைய மருந்துல நனைக்கவாங்க? தீவாளிக்கு வச்சிருக்கேன்” என்பான். கந்தல் கட்டிக்கொண்டு நல்லதைப் பெட்டியில் வைப்பது எங்கள் லயத்துப் பழக்கம். என் அம்மாவும் அப்படித்தான். எங்கள் ஆட்களுக்கு உடம்பைவிடத் துணி விலை கூடியது. இதை எழுதும்போதே பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

போன சிறுபோகத்தில், மதிய வெயிலில், முத்துவேல் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே விழுந்தான். வாயில் நுரை. உடம்பெல்லாம் வேர்வை. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. உழவு டிராக்டரின் பின்பெட்டியில் ஏற்றினார்கள். நானாவும் நானும் ஓடிப்போய் ஏறிக்கொண்டோம். சவர்க்காரம் இருக்கிறதா என்று நானா கேட்டார். யாரிடமும் இல்லை. வழியில் வாய்க்கால் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற சவர்க்காரத் துண்டு ஒன்றை வாங்கி, அவனுடைய நனைந்த கந்தலைக் கழற்றி எறிந்துவிட்டு, தோலில் ஊறுகிற மருந்து போகட்டும் என்று தலை முதல் கால் வரை தேய்த்துக் கழுவினார். கூட வந்தவர்கள் கத்தினார்கள். சாகப்போகிறவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாரே, இவருக்குப் பைத்தியமா என்றார்கள். நானா கையை நிறுத்தவில்லை. கழுவிக்கொண்டே, “முத்துவேல், இங்க பாருங்க, என்னப் பாருங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் முத்துவேல் இறந்துபோனான். வெயில் தாக்கியது என்றார்கள். வெறும் வயிற்றோடு வந்தான் என்றார்கள். அவனுடைய விதி என்றார்கள். வழியில் குளிப்பாட்டியதால் நேரம் போய்விட்டது என்றுகூட ஒருவர் சொன்னார். மருந்து என்ற சொல்லை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நானாவும் நானும் மலைக்குப் போனோம். லயத்து முற்றத்தில் பெட்டி. சுற்றிலும் ஒப்பாரி. நானா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். முத்துவேலுக்கு அந்தச் சட்டையைப் போட்டிருந்தார்கள். தேய்த்து மடிப்புக் கலையாமல், கழுத்துவரை பொத்தான் போட்டு. அவன் மனைவி பவளம் தலையைத் தூக்கிப் பார்த்து, “நீங்க குடுத்ததுதாங்க ஐயா. ஒரு நாளும் போடாம வச்சிருந்தாரு. போறப்பவாச்சும் நல்லாப் போகட்டும்னு போட்டு வுட்டோம்” என்றாள். அவள் அதை நன்றியோடு சொன்னாள். நானா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். நானும் அழுதேன், ஆனால் எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

இதற்குப் பிறகாவது விதி வரும் என்று நினைத்தோம். நானா மறுபடியும் கூட்டத்தில் எழுந்தார். மறுபடியும் கைகட்டி நின்றார். தலைவர் உருக்கமாகக் கேட்டுவிட்டு, இப்போது எல்லோரும் மனவருத்தத்தில் இருக்கிறோம், இந்த நேரத்தில் முடிவெடுப்பது சரியல்ல, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார். பின்னறைக்கு வந்ததும் நான் வெடித்தேன்.

“மேசையில ஒரு அடி அடிச்சிருக்கக் கூடாதா நானா? ஒரு மனுசன் செத்துப்போய்ட்டான். இன்னும் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்களே!”

“அடிச்சா மேசதான் நோகும்” என்றார். “எல்லாரும் நம்மட ஆக்கள்தானே மனேஜர். கெட்டவங்க இல்ல. ஒரு நாளைக்குக் கேப்பாங்க.”

கெட்டவர்கள் இல்லை என்பது உண்மைதான். கெட்டவர்களாக இருந்தாலாவது யாரோடு சண்டை போடுவதென்று தெரிந்திருக்கும். நானாவுக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் ஏற்கெனவே இருந்தது. அந்தப் போகத்துக்குப் பிறகு உடம்பு மளமளவென்று இறங்கியது. லீவு போட்டு மாத்தளைக்குப் போனார். கடைசியாக நான் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் நலத்தைக்கூடக் கேட்கவில்லை. “விதி என்னாச்சு மனேஜர்?” என்றுதான் கேட்டார். அடுத்த கூட்டத்தில் எடுக்கிறார்களாம் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை, அவரையும் சரி, நம்மையும் சரி.

அவர் மறைந்த மாதத்தில் சங்கம் கூடியது. முதலாவதாக அனுதாபத் தீர்மானம். தன்னலமற்ற சேவையாளர், ஏழைகளின் தோழன் என்று தலைவர் வாசித்தார். எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். நான் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டினார். அப்போதும் எழவில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு, நானா கேட்ட விதியை இன்றைக்கே போடுங்கள், அதுதான் அவருக்குச் செய்கிற அஞ்சலி என்றேன். இறந்தவருக்கு மரியாதை செலுத்துகிற இடத்தில் இப்படியா பேசுவது என்று பலர் முகம் சுளித்தார்கள். தலைவர் மட்டும் கோபிக்கவில்லை. சங்கத்தின் மலருக்கு நானாவைப் பற்றி நான் எழுதித் தரவேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொண்டார். விதியை அடுத்த கூட்டத்தில் எடுப்போம் என்றார்.

இந்தத் திங்கட்கிழமை காலை, புதிய போகத்தின் முதல் மருந்துக்கு மெசின் எடுக்க நசீர் முதலாளி வந்தார். லொறியிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். அவர்களில் ஒரு பெண். பழைய சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மெசினை வாங்க முதுகைத் திருப்பி நின்றவள் பவளம்.

“இவளுமா?” என்றேன்.

“அவளாத்தான் கேட்டு வந்தா மனேஜர். புள்ளைகள் ஈக்கிதானே, பாவம்” என்றார் நசீர் முதலாளி. நல்ல மனதோடுதான் சொன்னார்.

நான் பவளத்திடம் திரும்பி, “இது என்ன வேலன்னு தெரிஞ்சும் வந்தியாம்மா?” என்றேன்.

“தெரியாமலா இருக்கும்? நான்தானே பொதைச்சேன்” என்றாள். “எங்க வூட்டுக்காரரு அந்த ஐயாகிட்ட ஒரு கேள்வி கேட்டாராம். பத்து மணிக்கு நிப்பாட்டிட்டா வயித்துக்கு என்னான்னு. ஐயா பதில் சொல்லாமலே போய்ச் சேர்ந்துட்டாரு. நீங்களாச்சும் சொல்லுங்க. சொல்ல முடியாட்டி மெசினக் குடுங்க.”

நான் மெசின் அறையைப் பூட்டினேன். பதிலை அவளுக்குச் சொல்லவில்லை, நசீர் முதலாளிக்குச் சொன்னேன். ஆளுக்கு முழு நாள் கூலி இந்த மேசையில் வந்த பிறகுதான் மெசின் வெளியே போகும், பத்து மணிக்கு என் கடைக்குத் திரும்பி வரும், டாங்கிக் கணக்கு பேசுகிறவர்கள் மருந்தைக் கையால் அள்ளித் தெளித்துக்கொள்ளட்டும் என்றேன். சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். அவர் முகம் சிவந்தது. யாரைக் கேட்டு இந்த விதி என்றார். நீங்கள் தோள் கொடுத்துத் தூக்கிப்போனீர்களே, அவரைக் கேட்டுத்தான் என்றேன். லொறியில் ஏறித் தலைவர் வீட்டுப் பக்கம் போனார். பவளமும் மற்றவர்களும் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். என்மேல் அவர்களுக்கும் கோபம்தான். அன்றைக்கு மத்தியானச் சோற்றுக்கு நான் வழி மறித்துவிட்டேன் அல்லவா. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் வீட்டில் சமைக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். அதை எத்தனை நாளைக்குச் செய்ய முடியும் என்று எனக்கே தெரியாது.

தலைவர் அவர்களே, மலருக்கு இரண்டு பக்கம் கேட்டீர்கள், கூடிவிட்டது. ஜமால்தீன் நானாவின் பொறுமையைப் போற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது நமக்கெல்லாம் மிகவும் வசதியாக இருந்தது. நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது, அவர் வாழ்நாள் முழுக்க உள்ளேயே அடக்கி, ஒரு தடவைகூட வெளியில் காட்டாமல் விட்டுப்போன கோபத்தை. சாவி என்னிடம் இருக்கிறது. அடுத்த கூட்டம்வரை என்னால் காத்திருக்க முடியாது.